தள்ளாடுவோர் சங்கத்தின் மங்கை அக்கா

செவ்வாய்க்கிழமை காலை பாடசாலைக்குப் புறப்பட்டு நின்றபோது கைபேசியில் மங்கை அக்காவின் தங்கை சாரதாவின் குரல் வந்தது. எங்கள் குழுவில் எல்லோருக்குமாக அனுப்பிய குரல்பதிவு. “அக்கா விடியப்புறம் போட்டா. ஆஸ்பத்திரியிலைதான். தெரிஞ்ச ஆக்களுக்குச் சொல்லிவிடுங்கோ.” அதற்குமேல் பதிவு முடியும்வரை விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தக் குழுவின் பெயர் ‘தள்ளாடுவோர் சங்கம்’. பெயர் வைத்தவரே மங்கை அக்காதான். அந்தப் பெயருக்குக் கீழே அவருடைய மரணச் செய்தி கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது இறங்கவில்லை. அஞ்சலிக் கட்டுரைக்கு இது பொருத்தமில்லை என்று சிலர் நினைக்கலாம். அக்காவை அறிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

முழுப்பெயர் மங்கையற்கரசி. முள்ளியவளையில் பலருக்கு அவர் ‘மாட்டு மிஸ்’. கால்நடை அலுவலகத்தில் வேலை. மோட்டார் சைக்கிளில் பட்டி பட்டியாகப் போய் மாடுகளுக்கு ஊசி போடுவார். கன்று குறுக்கே கிடந்து ஈனமுடியாமல் தவிக்கும் பசுவுக்குள் தோள்வரை கைவிட்டுத் திருப்பி எடுப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் செய்த குடும்பம். திருமணம் செய்யவில்லை. தங்கை சாரதாவோடு இருந்தார். இறுதி யுத்தத்தில் எல்லோரையும் போல எல்லாவற்றுக்குள்ளும் போய், உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்தவர். பின்னர் ஒருநாள் குளக்கட்டில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். கால் பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் நோய். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவல், ஆள் மாறிப்போய் மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்புகளின் மேலுறையை அரிக்கிறது. ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் மரக்கும், வேறொருவருக்குச் சிறுநீர் கட்டுப்படாமல் சலம் போகும். வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிவது தள்ளாட்டம் மட்டும்தான். எங்கள் நாட்டில் தள்ளாடுபவனுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

எனக்கும் அந்த நோய்தான், எங்கள் பேச்சில் அந்த வருத்தம்தான். நான் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியன். மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து கலவரத்தில் அடிவாங்கி ஓடிவந்து பூவரசங்குளத்தில் காணி வெட்டிக் குடியேறியவர்களின் மகன். குடும்பத்தில் முதலாவதாக அரச உத்தியோகம் பார்த்தவன். நான் நடையில் தடுமாறத் தொடங்கியபோது அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஊதச் சொன்னார். ஊதினேன். மணக்கவில்லை என்றதும் அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. வீட்டில் அம்மா, “ஏன்டா சாமி, காலுல என்னாடா?” என்று கேட்டபோது சொல்வதற்கு என்னிடம் பெயர்கூட இருக்கவில்லை. கடைசியில் கொழும்பில் மூளையைப் படம் எடுத்துப் பெயர் தெரிந்தபோது அங்கிருந்த வைத்தியர் சொன்னார், “இது வெள்ளைக்காரருக்கு வாற வருத்தம். எங்கட ஆக்களுக்குக் குறைவு.” அந்தக் குறைவுக்குள் இருக்கும் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூன்று வருடங்கள் நான் இந்த நோயோடு தனியாக இருந்தேன். இணையத்தில் தேடி வெளிநாட்டுக் குழுக்களில் சேர்ந்தேன். நல்ல மனிதர்கள். வெக்கை இந்த நோய்க்கு ஆகாது, உடம்பு சூடானால் பார்வையும் நடையும் சட்டென்று மோசமாகும் என்பதை அவர்களிடமிருந்துதான் படித்தேன். குளிரூட்டும் சட்டை வாங்கும்படி சொன்னார்கள். பங்குனி மாதத்து மத்தியானம் மின்சாரம் போனால் என்ன செய்வது, கிணற்றடிக்கும் வளவுக் கோடியில் இருக்கும் கழிப்பறைக்கும் பிடிமானமில்லாமல் எப்படிப் போவது என்று அவர்களிடம் கேட்க எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, மனமும் வரவில்லை.

மங்கை அக்காவைச் சந்தித்தது யாழ்ப்பாணத்தில், நரம்பியல் கிளினிக் வாசலில். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அங்கே கிடந்த நீள வாங்கில் ஈரத்துவாயைக் கழுத்தில் போட்டபடி உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, குடிச்சிட்டு வந்தனீரோ, இல்லாட்டி என்னைப் போலயோ?”

எத்தனையோ பேர் முதல் பாதியைக் கேட்டிருந்தார்கள். இரண்டாவது பாதியை யாரும் கேட்டதில்லை. எந்த ஊர், எங்கே பிறந்த ஆட்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் உட்காரக் கதிரை தருவதா இல்லையா என்று முடிவெடுக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அக்கா நகர்ந்து இடம் விட்டார். துவாயின் மறுபாதியை என் கழுத்தில் போட்டார். எங்கள் இலக்கங்கள் கூப்பிடப்படும்வரை கதைத்தோம். கண்ணுக்குள் மின்னல் அடிப்பது, வயிற்றைச் சுற்றிக் கயிறு இறுக்குவது போல வரும் வலி, நின்றபடியே சலம் போய்விடும் பயம், எதைச் சொன்னாலும் அவர் “ஓம், ஓம்” என்றார். விளக்கம் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் முதல்தடவையாக என் உடம்பைப் பற்றி இன்னொருவருக்கு விளங்கப்படுத்தாமல் கதைத்தேன்.

புறப்படும்போது அவர் தாதியிடம் போனார். இந்த நோய் உள்ள மற்றவர்களின் பெயர் விபரம் தர முடியுமா என்று நான் கேட்கப் போனேன், என்னைத் தடுத்துவிட்டார்.

“அவையின்ரை பேரை எனக்குத் தரவேண்டாம் மிஸ். அது அவையின்ரை சொந்த விசயம். என்ரை பேரையும் நம்பரையும் அவைக்குக் குடுங்கோ. கதைக்க விருப்பமெண்டா எடுக்கட்டும்.”

தாதி யோசித்துவிட்டுச் சரி என்றார். இப்படித்தான் எங்கள் சங்கம் தொடங்கியது. எந்தத் திணைக்களமும் தொடக்கவில்லை, எந்த நிறுவனமும் பதாகை கட்டவில்லை. ஒரு பெண் தன் தொலைபேசி இலக்கத்தை முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கத் துணிந்தார், அவ்வளவுதான்.

அழைப்புகள் வந்தன. பளையிலிருந்து ஜெயந்தி எடுத்தாள். முப்பது வயது, ஒரு பிள்ளை. அவளுடைய மாமியார் அவள் வேலைக் கள்ளத்தில் நடிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். காலையில் நடக்கிறாள், மத்தியானம் நடக்க முடியாதாம், அது என்ன வருத்தம் என்பது மாமியாரின் கேள்வி. கணவர் அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பும் யோசனையில் இருந்தார். அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு எனக்கு எடுத்தார். “நாளைக்குப் பளைக்குப் போறம். வெயிலுக்கு முன்னம் வெளிக்கிடும்.”

அப்போது அவர் ஊன்றுகோலோடு நடந்தார். பளையில் அந்த வீட்டு விறாந்தையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, மாமியாரின் மாடு எத்தனை லீற்றர் கறக்கிறது என்று விசாரித்து, அதற்குக் காம்பில் வந்திருந்த வெடிப்புக்கு மருந்தும் சொன்னார். பிறகு பையிலிருந்து, தோள்வரை நீளும் இரண்டு சோடிக் கையுறைகளை எடுத்தார்.

“புதுசுதான் மாமி. மாட்டுக்குப் பாவிக்கேல்லை. ரண்டு சோடியையும் ஒண்டுக்கு மேலை ஒண்டாய்ப் போட்டுக்கொண்டு, உந்தச் சுளகிலை கிடக்கிற அரிசியிலை கல்லுப் பொறுக்குங்கோ பாப்பம்.”

மாமியார் சிரித்துக்கொண்டு போட்டார். சிரிப்பு நிற்க அதிக நேரம் எடுக்கவில்லை. கல் என்று நினைத்து அரிசியை எறிந்தார். கோபம் வந்து கையுறையைக் கழற்றப் போனார்.

“உங்களுக்குக் கழட்டலாம்,” என்றார் அக்கா. “அவளின்ரை மரத்த கைக்கு ஏலாது. பின்னேரம் வரைக்கும் போட்டபடி அவள் சமைக்கிறாள்.”

அந்த மாமியார் அன்று மனம் மாறிக் கண்ணீர் விட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எங்களைக் கேற்றடிவரை வந்து அனுப்பக்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் ‘நடிப்பு’ என்ற சொல்லைச் சொல்லவில்லை என்று ஜெயந்தி சொன்னாள். தாய் வீட்டுக்கு அனுப்பும் கதையும் நின்றது.

ஆறு பேரானோம். தொலைபேசி போதாது, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று அக்கா சொன்னார். எல்லோருக்கும் பஸ் வசதி என்றால் கிளிநொச்சிதான். அங்கே மாற்றுத்திறனாளிகள் அமைப்பு ஒன்றுக்கு நல்ல மண்டபம் இருந்தது. சாய்தளம், கைபிடி போட்ட கழிப்பறை, மின்விசிறி எல்லாம் உண்டு. கேட்கப் போனோம்.

தலைவர் மரியாதையாகத்தான் இருத்தினார். அக்காவைப் பார்த்து, “எந்த இடத்திலை காயம்?” என்று கேட்டார்.

“மூளையிலை.”

“ஷெல்லோ?”

“இல்லை. எனக்கு நானே அடிச்சது,” என்றார் அக்கா. பிறகு நோயைப் பொறுமையாக விளக்கினார்.

தலைவர் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார், “அம்மா, எங்கடை யாப்பு விதியிலை யுத்தத்தாலை பாதிக்கப்பட்ட ஆக்களுக்குத்தான் இடம். நோயாளருக்கு எண்டு ஒரு பிரிவும் இல்லை. நாளைக்குச் சீனி வருத்தக்காரரும் வந்து மண்டபம் கேப்பினம்.”

“வந்தாக் குடுங்கோவன். ஞாயிற்றுக்கிழமையிலை மண்டபம் சும்மாதானே கிடக்குது.”

அவர் கைகளை விரித்தார். அவ்வளவுதான்.

காயப்பட்டவர்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்திருப்பது மிகக் குறைவு, அதையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள். என் கோபம் வேறு. இந்த மண்ணில் ஒருவர் நடக்க முடியாமல் போவதற்கு இரண்டு காரணங்களைத்தான் மனிதர்கள் ஏற்றுக்கொள்வார்கள், ஒன்று யுத்தம், மற்றது கள்ளு. மூன்றாவது காரணத்தோடு வருபவரை எந்த வாசலில் நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

வெளியே மதிலோரமாக நின்று மூச்சு வாங்கினோம். எங்கள் பின்னாலேயே ஒருவர் வந்தார். அந்த அமைப்பின் உறுப்பினர், யுத்தத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர், பெயர் சிவம். உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“அக்கா, ஞாயிறிலை என்ரை கராஜ் பூட்டித்தான் கிடக்கும். பெரிய மாமரம் ஒண்டு நிக்குது, நல்ல குளிர்மை. கக்கூசுக்கு நான் பைப் ஒட்டிக் கைபிடி போட்டுத் தாறன். அங்கை வாங்கோ.”

அப்படித்தான் ஒயில் மணத்துக்குள், கழற்றிப்போட்ட ட்ரக்டர் சில்லுகளுக்கு நடுவில் எங்கள் சங்கம் கூடியது. முதல் நாளில் அக்கா சொன்ன விதி ஒன்றுதான்: “இஞ்சை ஆரும் ஆருக்கும் தைரியம் சொல்லக்கூடாது. உண்மையைச் சொல்லுங்கோ. தைரியம் தானாய் வரும்.” அங்கேதான் ஊசி மருந்தை மின்சாரம் இல்லாத நேரத்தில் எப்படிக் குளிராக வைப்பது என்று பேசினோம். அங்கேதான் கணவன் மனைவி விசயங்களைப் பெண்கள் ஒருபக்கமாகப் போய்ப் பேசினார்கள். நோயைக் குணமாக்கும் எண்ணெய் என்று போத்தலோடு வந்த ஒருவரை அக்கா கேற்றுக்கு வெளியே அனுப்பியதும் அங்கேதான். சிவம் அண்ணை ஒவ்வொருவரின் வீட்டுக்கும் ஏற்ற உயரத்தில் கைபிடி ஒட்டித் தந்தார். என் வீட்டுக் கிணற்றடியில் நிற்பதும் அவர் செய்ததுதான்.

அக்காவின் கால்கள் இரண்டும் போய், சக்கரநாற்காலியில் வரத் தொடங்கியபோது ஜெயந்தி கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினாள். அவளுக்குப் பயம். அக்காவைப் பார்க்கும்போது தன்னுடைய நாளையைப் பார்ப்பதாக எனக்குச் சொன்னாள். நான் அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவருக்கு அது முன்பே விளங்கியிருந்தது. என் முன்னாலேயே அவளுக்கு எடுத்தார்.

“பயந்தா வராதை பிள்ளை. அது பிழையில்லை. ஆனா போனை எடு. இந்த வருத்தம் ஒவ்வொருத்தரிட்டையும் ஒவ்வொரு மாதிரித்தான் போகும். என்ரை கதிரையிலை உன்னைக் கொண்டுவந்து இருத்திப் பாக்காதை. அதிலை எனக்கே இடம் காணாது.”

மறுபக்கத்தில் அவள் அழுதுகொண்டே சிரித்தது எனக்கும் கேட்டது. கூட்டத்துக்கு அவள் திரும்பி வரவில்லை. தினமும் தொலைபேசியில் கதைத்தாள்.

இனி அந்தக் கடைசிக் கிழமை. சித்திரை வெயிலில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. கைகளும் விழுந்தன, நா தடுமாறியது. எங்களுக்குத் தெரிந்த விசயம் இது. காய்ச்சல் வந்தால் பழைய நோய்க்குறிகள் எல்லாம் மேலே வரும். அதனால் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டும். பெரும்பாலும் சலத்தில் கிருமி இருக்கும். சாரதா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே கடமையில் இருந்தவர் பழைய கிளினிக் துண்டுகளைப் புரட்டிவிட்டு, “இது அந்த வருத்தம் கூடுறதுதான். இதுக்கு இஞ்சை செய்ய ஒண்டும் இல்லை. வீட்டிலை வைச்சுப் பாருங்கோ,” என்று காய்ச்சல் குளிசை கொடுத்தார். குழறிய நாவோடு அக்கா சொல்லியிருக்கிறார், “டொக்டர், இது வருத்தமில்லை. சலத்தைச் சோதியுங்கோ.” சோதிக்கவில்லை. இரண்டு நாளில் நினைவில்லாமல் திரும்பக் கொண்டுபோனபோது இரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள்.

பெயர் தெரியாத காலத்தில் அவருக்கு வந்ததெல்லாம் வேறு எதனாலோ வந்ததாகச் சொன்னார்கள். கிரகம், களைப்பு, தலைக்குள் ஷெல் துண்டு. பெயர் தெரிந்த பிறகு, சாதாரணக் காய்ச்சலும் அந்தப் பெயரின் கணக்கில் போனது. இரண்டு காலத்திலும் அவர் சொன்னதை மட்டும் யாரும் கேட்கவில்லை. மங்கை அக்கா எம்.எஸ். நோயால் இறக்கவில்லை. மருந்தால் அழியக்கூடிய ஒரு கிருமியால், கவனிக்கப்படாமல் இறந்தார். இதை நான் அச்சில் எழுத விரும்புகிறேன்.

செத்த வீட்டுக்குப் போனபோது கேற்றில் ஒரு பெரிய பதாகை கட்டியிருந்தது. ‘போரின் வடுக்களைச் சுமந்து எம்மோடு பயணித்த மங்கையற்கரசிக்குக் கண்ணீர் அஞ்சலி.’ கீழே மண்டபம் தர மறுத்த அந்த அமைப்பின் பெயர். தலைவரே வந்திருந்தார். ஒலிவாங்கியைப் பிடித்து, அக்கா தங்கள் அமைப்பின் தூண்களில் ஒருவர் என்றும், யுத்தம் தின்ற இன்னொரு உயிர் என்றும் பேசினார். எழும்ப முயன்றேன், கால் கேட்கவில்லை.

எழும்பியது ஜெயந்தி. பளையிலிருந்து கணவரோடு வந்திருந்தாள். கதிரைகளைப் பிடித்துப் பிடித்து, ஆடி ஆடி நடந்துபோய்த் தலைவருக்கு முன்னால் நின்று ஒலிவாங்கிக்குக் கை நீட்டினாள். சனங்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் கொடுத்தார்.

“அக்காவுக்கு ஒரு காயமும் இல்லை,” என்றாள். “அவாவுக்கு எம்.எஸ். எனக்கும் எம்.எஸ். உங்கடை அமைப்பிலை அவா ஒருநாளும் இருக்கேல்லை. நீங்கள் சேர்க்கேல்லை.”

தலைவர் தாழ்ந்த குரலில், “தங்கச்சி, செத்த வீட்டிலை உப்பிடிக் கதைக்கக்கூடாது,” என்றார்.

“வேறை எங்கை கதைக்கிறது?” என்றாள் ஜெயந்தி. “நீங்கள் மண்டபம் தரேல்லையே.”

சிவம் அண்ணை எழும்பிப் போய்க் கேற்றில் கட்டியிருந்த பதாகையை அவிழ்த்துச் சுருட்டி, தலைவரின் வாகனத்துக்குள் வைத்துவிட்டு வந்து இருந்தார்.

முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்த பிறகு சாரதாவும் நானும் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் போனோம். சலம் ஏன் சோதிக்கப்படவில்லை என்பது எங்கள் கேள்வி. அங்கிருந்த அலுவலர் சாரதாவின் பெயரைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

“நீங்கள் செத்தவவுக்கு என்ன முறை?”

“எனக்கும் அந்த வருத்தம்தான்,” என்றேன்.

“அது முறையில்லையே. சொந்தக்காரர்தான் முறைப்பாடு குடுக்கலாம்.”

“கூடப்பிறந்தவள் நான். நான் குடுக்கிறன்,” என்றார் சாரதா. “ஆனா அக்காவின்ரை உடம்புக்குள்ளை என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். இவர் சொல்லுவார். நீங்கள் எழுதுங்கோ.”

அலுவலர் எழுதினார். பதில் அனுப்புவோம் என்றார்கள். இன்னும் வரவில்லை. இந்த வெயில் காலம் தணிந்ததும் மறுபடி போவோம். ஜெயந்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மங்கை அக்காவின் பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. சாரதா தர முன்வந்தபோதும் நான் எதையும் வாங்கவில்லை. அந்த அலுவலர் ஏற்றுக்கொள்ளாத உறவு ஒன்று இருக்கிறது. ஒரே இரத்தமோ ஒரே ஊரோ இல்லாத, அரிக்கப்பட்ட நரம்புகளால் மட்டும் கட்டப்பட்ட உறவு. அதை எனக்குத் தந்தவர் அவர். அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். என்ன முறை என்று இனி எந்த மேசையில் யார் கேட்டாலும், எனக்கும் அந்த வருத்தம்தான் என்பேன். அதை ஒரு முறை என்று அவர்கள் எழுதிக்கொள்ளும்வரை எழும்பமாட்டேன்.